அளவையும் அருளும்: விபுலாநந்த அடிகளாரும் விஞ்ஞான நெறியும்

1916ஆம் ஆண்டிலே, கொழும்பு நகரில், இருபத்துநான்கு வயதினராகிய ஆசிரியர் ஒருவர் தம்முள் இயைபில்லாதன போலத் தோன்றும் இரண்டு தேர்வுகளிற் சித்தியெய்தினார். ஒன்று விஞ்ஞான டிப்ளோமாத் தேர்வு. மற்றொன்று மதுரைத் தமிழ்ச்சங்கத்துப் பண்டிதத் தேர்வு. முன்னையதன்பொருட்டு அவர் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியின் ஆய்வுகூடத்திலே அமிலங்களையும் தராசையும் கையாண்டார். பின்னையதன்பொருட்டுத் தொல்காப்பியத்தையும் சிலப்பதிகாரத்தையும் அவற்றின் உரைகளோடு ஓதினார். மதுரைப் பண்டிதப் பட்டத்தை ஈழநாட்டினருள் முதன்முதற் பெற்றவர் அவரே என்பர். மயில்வாகனன் என்னும் பிள்ளைப் பெயருடைய அவ்விளைஞரே, பிற்காலத்தில் விபுலாநந்த அடிகளார் எனத் தமிழுலகம் போற்றிய பெரியார்.

விஞ்ஞானமும் தருக்கமும் சமய நம்பிக்கையும் ஒருவருள்ளத்தில் ஒருங்கு வாழ இயலுமா என்னும் வினாவை மேனாட்டார் கலிலியோ காலந்தொட்டு விவாதித்து வருகின்றனர். நம் நாட்டில் அவ்வினா வேறு வழியால் வந்து புகுந்தது. ஆதலின் அதற்கு இந்நாட்டார் கண்ட விடையும் வேறாயிற்று. ஈழத்தில் அவ்விடையைத் தம் தொழிலாற் காட்டியவருள் அடிகளாரே தலையாயவர் எனல் மிகையாகாது. ஆயினும் அவரைப் புகழ்வார் பலர், அவர் இரண்டையும் “இணைத்தார்” என்று ஒரு சொல்லாற் கூறி அமைந்துவிடுகின்றனர். எவ்வாறு இணைத்தார், அவ்விணைப்பு எந்த அளவிற்குத் தாங்கும் என்பன ஆராயப்படவேண்டியவை.

முதற்கண் இவ்வினா ஈழத்தில் எழுந்தவாற்றை நோக்குவாம். 1823இல் அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையிலே செமினரி என்னும் உயர்கலாசாலையை நிறுவினர். அதன் தலைவராகிய தானியேல் பூவர் வானநூற் பயிற்சியிற் பெரிதும் ஊக்கமுடையவர். 1829 மார்ச்சு மாதத்துச் சந்திர கிரகணத்தை அராலி விசுவநாத சாத்திரியார் தம் பஞ்சாங்கத்திற் கணித்திருந்தார். அக்கணிப்புக்கும் மேனாட்டுக் கணிப்புக்கும் நேரத்திலும் அளவிலும் வேறுபாடு காணப்பட்டது. பூவர் அதனைப் பலரறிய எடுத்துக்கூறி, கிரகணம் நிகழ்ந்தபொழுது மேனாட்டுக் கணிப்பே சரியெனக் காட்டினார். கிரகணத்தைப் பிழைபடக் கூறும் நூல் முத்தியைப் பற்றி எவ்வாறு சரியாகக் கூறும் என்பதே அவர் எழுப்பிய வாதம்.

இவ்வாதத்தில் ஒரு நுண்மை மறைந்துகிடந்தது. சாத்திரியார் கணித்தது இராகு என்னும் பாம்பு சந்திரனை விழுங்குமென்னும் புராணக்கதையைக் கொண்டன்று. பூமியின் நிழல் சந்திரன்மேல் விழுதலே கிரகணம் எனக் கொள்ளும் சித்தாந்த கணிதத்தைக் கொண்டே அவர் கணித்தார். அக்கணித மரபும் மேனாட்டுக் கணிதமும் ஒரே வகையின. ஒன்றன் மாறிலிகள் பழையன, மற்றையதன் மாறிலிகள் புதியன, அவ்வளவே. ஆகவே அன்று தோற்றது சமயமன்று, நெடுங்காலமாகத் திருத்தம் பெறாத ஒரு கணித வாய்பாடு. இவ்வேறுபாட்டை எடுத்துக்கூறுவார் அக்காலத்து அரியர். விஞ்ஞானம் என்பது மிசனரிமாரது உடைமை, நம்பிக்கை என்பது கோயிலார் உடைமை என்னும் பிரிவினை மக்கள் மனத்திற் பதிந்துவிட்டது. அதன் விளைவுகள் நூறாண்டு நீடித்தன.

அடிகளார் 1892 மார்ச்சு 27ஆம் நாள் காரைதீவிற் பிறந்தார். அக்காலத்தில் மட்டக்களப்புப் பகுதியைச் சேர்ந்திருந்த அவ்வூர், 1961இல் அம்பாறை மாவட்டம் தனியாகப் பிரிக்கப்பட்டபின் அதனுள் அடங்கியது. தந்தையார் சாமித்தம்பி, தாயார் கண்ணம்மை. கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும், பின்னர் மட்டக்களப்பு நகரத்து அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் பயின்று, பதினாறாம் வயதிற் கேம்பிரிட்ஜ் சீனியர் தேர்வில் தேறினார். அவருக்குக் கணிதமும் விஞ்ஞானமும் புகட்டியவர் கிறித்தவ ஆசிரியர்கள் என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. அக்கல்வியைக் குறித்து அவர் நன்றியுடையராகவே வாழ்ந்தார்; அது தம் சமயத்துக்குப் பகையென அவர் எண்ணியதற்குச் சான்றில்லை.

அவர் பிறந்த ஊரின் சமயவாழ்வையும் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். மட்டக்களப்பு வாவியின் இருமருங்கிலும் கடலோரத்திலும் உள்ள தமிழூர்கள் பலவற்றிற் கண்ணகியம்மன் கோயில்கள் உள. காரைதீவுக் கண்ணகியம்மன் கோயில் அவற்றுட் புகழ்பெற்ற ஒன்று. வைகாசித் திங்களிற் கதவு திறக்கப்பெற்று, ‘கண்ணகி வழக்குரை’ பாடப்பெற்று, இறுதியில் அம்மனின் வெம்மையைத் தணிக்கும் குளிர்த்திச் சடங்கோடு விழா முடிவுறும். தமிழகத்திற் சிலப்பதிகாரம் ஏட்டில் உறங்கிய காலத்தும், இங்குக் கண்ணகி கதை வாய்ப்பாட்டாக வாழ்ந்தது. புலவர்கள் காப்பியத் தலைவியாகக் கண்டவளை இவ்வூர்ப் பிள்ளைகள் தாயாகக் கண்டு வளர்ந்தனர்.

பகுத்தறிவாளர் சிலர் குளிர்த்தியை அம்மைநோயின் அச்சத்திற் பிறந்த சடங்கு என்று கூறி முடித்துவிடுவர். அச்சம் ஒரு காரணமாதல் கூடும். ஆயினும் அம்மைப்பால் குத்துதல் இலங்கைக்கு 1802இலேயே வந்துவிட்டது. பெரியம்மை உலகினின்றும் ஒழிந்ததென 1980இல் அறிவிக்கவும் பெற்றது. குளிர்த்தியோ நின்றுவிடவில்லை, வைகாசிதோறும் நிகழ்ந்துகொண்டே வருகின்றது. காரணமெனக் கூறப்பட்டது நீங்கியபின்னும் காரியம் நிற்குமாயின், கூறப்பட்ட காரணம் போதாதென்பது தருக்கநூலாரின் எளிய விதி. கணவனை இழந்த ஒருத்தி அரசனிடம் நீதி கேட்ட கதை ஒன்றை ஓர் ஊரே ஆண்டுதோறும் கேட்டுக் கண்ணீர் விடுமாயின், அதன் பொருளை மருத்துவ நூலொன்றில் மட்டும் தேடுதல் பொருந்தாது.

1917இல் மயில்வாகனனார் யாழ்ப்பாணத்து அர்ச். பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். பின்னர் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டமும் பெற்று, 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராயினார். மானிப்பாய் என்னும் பெயர் தமிழ் விஞ்ஞான வரலாற்றிற் பெருமையுடையது. அமெரிக்க மருத்துவராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பார், மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே பயிற்றி, நூல்களைத் தமிழாக்கியது அவ்வூரிலேதான். 1875இல் ‘கெமிஸ்தம்’ என்னும் இரசாயன நூலும் அம்முயற்சியின் பயனாக வெளிவந்தது. அந்நியர் ஒருவர் தமிழில் விஞ்ஞானம் கூறவியலும் எனக் காட்டியபின்னும், தமிழர் நெடுங்காலம் அதனை ஆங்கிலத்திலேயே கற்றனர் என்பது வியப்பன்று, வெட்கம்.

இளமையும் பதவியும் பட்டமும் ஒருங்கு வாய்த்த காலத்தில், 1922இல், அவர் யாவற்றையும் துறந்து மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். பிரபோத சைதன்யர் என்னும் பெயரோடு பயிற்சி பெற்று, 1924இல் சிவானந்த அடிகளிடம் சந்நியாசம் பெற்று விபுலாநந்தரானார். விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் துறவியாதற்கு இம்மடத்தைத் தெரிந்தமைக்குக் காரணம் வெளிப்படை. விவேகானந்த அடிகள் 1893இல் சிக்காகோவிற் பேசி மீண்டு, 1897 சனவரி 15ஆம் நாள் கொழும்பில் இறங்கி, யாழ்ப்பாணம் வரையும் சொற்பொழிவாற்றிச் சென்றார். 1896இல் வெளிவந்த அவரது ‘இராஜயோகம்’, சமயமும் விஞ்ஞானம் போல அநுபவத்தை அடிப்படையாக உடையது, ஆதலின் நம்புக என்று கூறாது செய்து பார்க்க என்றே அது கூறவேண்டும் என வாதித்தது. ஆய்வுகூடத்திற் பழகிய இளைஞர்க்கு இவ்வழைப்பு எத்துணை இனிமையாக ஒலித்திருக்கும் என்பதை உணர்தல் எளிது.

ஆனால் இதே காலத்தில், இதே நாட்டில், மற்றொரு இரசாயனப் பேரறிஞர் வேதாந்தத்தின்மேற் கடுமையான குற்றம் ஒன்றைச் சாற்றியிருந்தார். வங்காளத்துப் பிரபுல்ல சந்திர ரே என்பார் 1902இல் ‘இந்து இரசாயன வரலாறு’ என்னும் நூலின் முதற் பாகத்தை வெளியிட்டார். பண்டை இந்தியரின் இரசாயன அறிவைப் பெருமையோடு எடுத்துரைத்த அவர், அவ்வறிவு பின்னர் நலிந்தமைக்குக் காரணங்களும் கூறினார். சாதிக்கட்டுப்பாடு கைத்தொழிலை இழிந்தோர் தொழிலாக்கி, சிந்திக்கும் மூளையையும் செய்யும் கையையும் பிரித்தது என்பது ஒன்று. உலகைப் பொய்த்தோற்றமென்ற சங்கரரின் வேதாந்தம் பௌதிக ஆராய்ச்சியை மதிப்பிழக்கச் செய்தது என்பது மற்றொன்று. பாதிரிமார் கூறியதைப் பகைவர் கூற்றெனத் தள்ளலாம். நாட்டுப்பற்று மிக்க இந்திய விஞ்ஞானி ஒருவர் கூறியதைத் தள்ளுவது எங்ஙனம்? விஞ்ஞானம் கற்று வேதாந்த மடம் புகுந்த எவரும் விடையளிக்கவேண்டிய வினா இதுவே.

இரண்டாவது குற்றச்சாட்டை முதலில் ஆராய்வாம். வேதாந்திகளும் சைவ சித்தாந்திகளும் தம் நூல்களை அளவையிலிருந்தே தொடங்குகின்றனர். மணிமேகலையிற் சமயக்கணக்கர்தம் திறங் கேட்ட காதையில் அளவைவாதி பத்து அளவைகளை எண்ணுகின்றான். அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரின் தொடக்கத்தில், பிறர் கூறும் அளவைகள் பலவும் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் எனக் கொள்கின்றார். உலகம் எத்தகையது என்னும் முடிவு யாதாயினும், அறிவது எவ்வாறு என்னும் வினாவே முதலில் வைக்கப்படுகின்றது. ஒவ்வோர் அளவைக்கும் அதனதன் விடயம் உண்டு; காட்சிக்குரிய விடயத்தில் உரை தலையிடுதல் கூடாது. சங்கரரே தம் கீதை உரையில், நெருப்புக் குளிர்ந்தது என்று நூறு சுருதிகள் கூறினும் அவை பிரமாணமாகா என எழுதியுள்ளார். மாயாவாதத்தின் ஆசிரியர் எனப்பட்டவர் வாயிலிருந்து வந்த விதி இது. அராலிச் சாத்திரியார் காலத்துச் சண்டையில் இவ்விதியை நினைவுகூர்ந்திருப்பின், பாம்பையும் நிழலையும் ஒருங்கே காக்க முயலும் இடர்ப்பாடு எவர்க்கும் நேர்ந்திராது.

எனவே நூல்களிற் குறையில்லை எனலாம். நடைமுறையிலோ ரே கூறியது பெரும்பாலும் உண்மையே. விதி ஏட்டில் இருந்தது. அதனைக் கொண்டு எவரும் நெருப்பை ஆராயப் புகவில்லை. ஏடு மட்டும் உள்ள இடத்தில் விஞ்ஞானம் வளராது. அடிகளாரின் வாழ்க்கை சிறப்புறுவது இவ்விடத்தேதான். இந்நாட்டிற் பலர் ஆகாயவிமானமும் அணுக்குண்டும் வேதத்தில் முன்னரே உள எனக் கூறி மகிழ்ந்தனர். அவ்வகைப் பெருமை ஒரு புதுக்கருவியையும் ஆக்கித் தந்ததில்லை; பிறர் கண்டுபிடித்தபின்னரே அது வேதத்திற் கண்டெடுக்கப்படுவதும் ஐயத்திற்குரியது. அடிகளார் அவ்வழியிற் செல்லாது, பள்ளிகளை நிறுவினார், சொற்களை ஆக்கினார், ஒரு கருவியை மீட்டும் படைத்தார்.

பள்ளிகளைப் பற்றி நாடறியும். 1925இல் ஈழம் மீண்டு இராமகிருஷ்ண சங்கத்துப் பாடசாலைகளின் பொறுப்பை ஏற்றார். 1929இல் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையிலே, தம் குருவின் பெயரால், சிவானந்த வித்தியாலயம் அவரால் எழுந்தது. மிசனரிப் பாடசாலைகளிற் கற்கும் அதே விஞ்ஞானத்தை, மதம் மாறும் நெருக்கடியின்றிச் சைவப் பிள்ளைகள் கற்றல் வேண்டும் என்பதே அம்முயற்சிகளின் உயிர்நாடி. 1931 முதல் 1933 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதற் றமிழ்ப் பேராசிரியராக விளங்கியபொழுது, அயலிலுள்ள திருவேட்களத்துத் தாழ்த்தப்பட்ட மக்களின் குடியிருப்புக்குத் தாமே சென்று எழுத்தறிவித்தார். மூளையையும் கையையும் சாதி பிரித்தது என்ற ரேயின் குற்றச்சாட்டுக்கு இதனினும் நேரான மறுமொழி வேறில்லை.

சொல்லாக்கம் சிறிது விவரிக்கத்தக்கது. தமிழில் விஞ்ஞானச் சொற்களை ஆக்கும் முயற்சி 1916இலே சேலத்தில் இராஜகோபாலாச்சாரியார் முதலியோரால் தொடங்கப்பெற்றது. 1932இற் சென்னை அரசினர் வெளியிட்ட தொகுதி பெரிதும் வடசொற்களையே தழுவியது எனக் குறைகூறப்பட்டது. சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் வேறு குழு அமைத்து, 1936இற் பச்சையப்பன் கல்லூரியிற் சொல்லாக்க மாநாட்டைக் கூட்டினர். அதற்குத் தலைமை தாங்கியவர் காவியுடுத்த இரசாயன ஆசிரியராகிய அடிகளார். அம்முயற்சியின் பயனாக ஏறத்தாழ 10,000 சொற்கள் கொண்ட ‘கலைச்சொற்கள்’ 1938இல் அச்சேறியது. அத்தகைய தொகுதியில் ஒவ்வொரு சொல்லுக்கும் வரையறை வேண்டும். ஒரு பொருட்கு ஒரு சொல், ஒரு சொற்கு ஒரு பொருள் என்னும் கட்டுப்பாடு வேண்டும். கவிதையில் நூறு பெயர் பெறும் நெருப்புக்கு ஆய்வுகூடத்தில் ஒரு பெயரே இடமுண்டு. தருக்கநூலின் வரையறைப் பயிற்சி இங்கே நேரே கைகொடுத்தது.

கல்லடி வித்தியாலயம் வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலத்தில் அமைந்தது. அதற்கு அணித்தாகவே மட்டக்களப்பின் புகழ்பெற்ற அதிசயமும் உளது. நிலாக்காலத்து இரவிற் கல்லடிப் பாலத்தின் அயலே தோணியைத் துடுப்பின்றி நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீரில் அமிழ்த்தி மறுநுனியிற் காதை வைத்துக் கேட்பார்க்கு, நீரடியிலிருந்து மெல்லிய நாதங்கள் பல வந்துகொண்டிருத்தல் புலனாகும். ‘பாடும் மீன்’ என உலகம் வழங்கும் ஓசை இது. 1848இல் இலங்கை அரசாங்கக் காரியதரிசியாகிய எமர்சன் தெனன்ட் தோணியேறிச் சென்று கேட்டு, 1859இல் வெளியிட்ட தம் நூலில் விரிவாக எழுதினார். ஒரே தொடர்ந்த ஒலியாக அன்றி, ஒன்றோடொன்று கலவாத பல சிற்றொலிகளாகவே அது அவர்க்குக் கேட்டது. தோணியின் மரத்திற் காதை வைத்தபொழுது ஒலி மிக்கது எனவும் அவர் குறித்தார். மீனவர் அதனை ஊரியின் ஒலி என்று அவரிடம் கூறினர்.

துடுப்பு வேண்டப்படுவதன் காரணம் பௌதிகம் அறிந்தார்க்கு எளிது. நீரிற் செல்லும் ஒலியில் ஆயிரத்தில் ஒரு பங்கே காற்றிலே புகும். ஏனையது நீர்மட்டத்திற் பட்டு மீளும். மரத்தினூடாகவோ அது காதுவரை வந்துவிடும். மீன்வகை சிலவற்றில் நீந்துபையை அதிரச்செய்யும் தசைகள் உளவென்பதும், அவை அவ்வாறு ஒலியெழுப்புமென்பதும் விலங்குநூலார் நன்கு நிறுவிய செய்தி. மட்டக்களப்பு வாவியிலோ மீன் என்பாரும் ஊரி என்பாரும் இன்னும் வழக்காடுகின்றனர்.

அடிகளார் இவ்வோசையைக் கேட்டு ‘நீரரமகளிர்’ எனச் செய்யுள் செய்தார். நீரில் வாழும் தெய்வமகளிர் நரம்பிசை போலப் பாடுவதாக அச்செய்யுள் புனைகின்றது. இரசாயனமும் பௌதிகமும் கற்பித்தவர் நீரரமகளிரை நம்பினாரா என வினவுதல் செய்யுளின் இயல்பறியாதார் வினா. அவர் அதனை மீன்நூலாக எழுதினாரல்லர். மீன்நூலார் ஒருவர் வந்து ஊரியென்றோ மீனென்றோ நாட்டினால் அச்செய்யுள் ஓரெழுத்தும் திருந்தவேண்டுவதின்று. ஓசையின் இனிமையைக் கூறுவது ஒன்று, ஓசை எழும் வாயைக் கூறுவது ஒன்று. ஆனால் அவர் அவ்வினிமையோடு நின்றுவிடவில்லை என்பதே முக்கியம். இசைநரம்பு எவ்வாறு இசைக்கின்றது என்னும் ஆராய்ச்சியிலே ஏறக்குறையப் பத்தாண்டுக்கு மேற்பட்ட உழைப்பைச் செலுத்தினார். அதன் பயனே ‘யாழ்நூல்’.

யாழ் என்னும் கருவி தமிழர் வாழ்வினின்றும் மறைந்து பல நூற்றாண்டுகள் கழிந்தன. வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்னும் பெயர்கள் நூல்களில் நின்றன. கருவி ஒன்றேனும் எஞ்சவில்லை. பாணர் என்னும் மரபினர் சமூகத்தில் தாழ்வுற்றபின் அவர் கைக்கருவியும் அழிந்தது என்பர். அது மெய்யாயின், ரே கூறிய நோய்க்கு யாழைவிட நல்ல சான்று வேறு தேடவேண்டா: இலக்கணம் கற்றாரிடம் தங்கியது, கருவி இழிந்தோரெனப்பட்டாரிடம் தங்கியது, இருவரும் பிரிந்தமையால் இரண்டும் கெட்டன. அடிகளார்க்குக் கிடைத்தவை சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையும், அதற்கு அடியார்க்குநல்லார் முதலியோர் வரைந்த உரையும், தேவாரப் பண்களும், குடுமியாமலைக் கல்வெட்டும், பழைய சிற்பங்களுமே. இவற்றுள் உரை என்னும் அளவை உண்டு, காட்சி இல்லை. கருதலால் இடைவெளியை நிரப்பிக் காட்சியை மீட்டும் உண்டாக்குதலே அவர் மேற்கொண்ட வேலை.

அவ்வேலையின் இயல்பை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன ஏழிசை. இவற்றிற்கு முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 அலகுகள் எனப் பழைய நூலார் கூறினர். கூட்டிய தொகை 22. எண் கூறினாரேயன்றி அதன் பொருள் யாதென விளக்கினாரல்லர். பௌதிக நூலாரோ, நரம்பின் நீளம் பாதியாயின் ஒலியின் அதிர்வு இருமடங்காகும், மூன்றிலிரண்டாயின் அதிர்வு ஒன்றரை மடங்காகும் எனக் கூறுவர். முதலது அடுத்த குரல், இரண்டாவது இளி. இனி, நாலலகுக்கு 9/8, மூவலகுக்கு 10/9, ஈரலகுக்கு 16/15 என்னும் விகிதங்களைப் பொருத்திப் பார்க்க. நாலலகு மூன்றும் மூவலகு இரண்டும் ஈரலகு இரண்டுமாகிய ஏழு விகிதங்களையும் பெருக்க, கிடைக்கும் விடை 2. சிறிதும் கூடாது, சிறிதும் குறையாது. குரலில் தொடங்கி அடுத்த குரலில் முடியவேண்டிய நிரல் அவ்வாறே முடிகின்றது. பழைய உரையாசிரியர் வெற்றெண் கூறவில்லை, கேட்டு அளந்தவர் கண்ட எண்ணையே கூறினர் என்பதற்கு இதுவே சான்று. உரையை நம்பியவர் அதனைக் கணக்கிட்டுப் பார்த்தார். கணக்கு உரைக்குத் துணைநின்றது.

எல்லாவிடத்தும் துணைநின்றது எனக் கொள்ளற்க. இளிமுறையிற் பன்னிரு முறை ஏறிச் சென்றால் ஏழாவது இரட்டிப்பில் வந்து முடியும் என எண்ணுவோர் உளர். ஒன்றரையைப் பன்னிருமுறை பெருக்க வருவது 129.746, இரண்டை ஏழுமுறை பெருக்க வருவது 128. இவ்விரண்டும் ஒருபொழுதும் பொருந்தா. வட்டம் மூடாது என்பதனைக் கிரேக்கரும் அறிந்து வருந்தினர். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலில், அலகுகள் 24 எனக் கொண்டு சமமாகப் பங்கிட்டு இவ்விடரைக் கடந்தார். விபுலாநந்தர் 22 என்னும் கொள்கையை ஏற்று இயற்கை விகிதங்களைத் தழுவினார். பண்டிதர் கிறித்தவர், அடிகளார் இந்துத் துறவி; கருத்து வேறுபாடோ சமயத்தால் வந்ததன்று, விகிதத்தால் வந்தது. ஒருவர் மற்றவரை மறுக்கவேண்டின் நரம்பை அளந்து மறுக்கலாம். சமயச் சண்டைகள் நிறைந்த நாட்டில் இத்தகைய சண்டை ஒன்று நிகழ்ந்தமை மகிழ்ச்சிக்குரியதே.

இந்நூல் வெறும் இசைநூலாக எழுந்ததன்று. தேவாரவியல் என்னும் பகுதி அதன் ஏழு இயல்களில் ஒன்று. ஓதுவார் பாடும் பண்கள் பழைய பாலைகளிலிருந்து எவ்வாறு பிறந்தன என்பதை அறிதல் அடிகளார்க்குப் பத்தியின் ஒரு பகுதி. திருஞானசம்பந்தர் தருமபுரத்திற் பாடிய பதிகத்தை யாழில் அடக்கவியலாமையால் திருநீலகண்ட யாழ்ப்பாணர் தம் கருவியை முரிக்கப் புகுந்தார் எனப் பெரிய புராணம் கூறும். இக்கதையை அற்புதமாக மட்டும் கேட்டுப் போவார் பலர். கருவியின் இயல்பறிந்தார்க்கோ அது நன்கு விளங்கும்: யாழின் நரம்பு ஒவ்வொன்றும் ஓரிசைக்கே கட்டப்பட்டது; மிடறோ இரண்டு இசைக்கும் இடைப்பட்ட எவ்விடத்தும் சென்று வரும். கருவியால் அளக்கவியலாத பாட்டு ஒன்று உண்டென்பதை ஒப்புக்கொண்டவர் கருவியை நன்கறிந்த பாணரே என்பது அக்கதையின் சுவை.

இனி ஒரு தடையைக் கூறுதல் நேர்மை. நரம்பின் நீளத்தை நம்பிக்கையுள்ளவனும் இல்லாதவனும் ஒரே அளவுகோலால் அளந்து ஒரே விடை பெறுவர். சமாதியில் யோகி கண்டதாகக் கூறுவதை அவ்வாறு அளப்பது எங்ஙனம்? விவேகானந்தர், யோகமும் செய்து பார்க்கத்தக்க விஞ்ஞானமே என்றார். ஆனால் செய்து பார்ப்பதற்கே பல்லாண்டுத் தவமும் மனமாற்றமும் வேண்டப்படுமாயின், சோதிப்பவனும் சோதனையால் மாற்றப்படுகின்றான். ஆய்வுகூடத்தில் இது நிகழ்வதில்லை. ஆகவே அக்கூற்றை உவமையாக ஏற்கலாம், முற்றொப்புமையாக ஏற்றல் அரிது. இதனை ஒப்புக்கொள்வதால் சமயத்துக்கு இழுக்கில்லை. காட்சி, கருதல், உரை எனப் பிரித்த முன்னோரே யோகக்காட்சியைத் தனிவகையாகப் பிரித்து வைத்தனர். அடிகளாரும் விவேகானந்தரின் நூல்களைத் தமிழாக்கி அக்கொள்கையைப் பரப்பியவரே. ஆயினும் தாம் செய்த ஆராய்ச்சியில் தியானத்திற் கண்டேன் என ஒரு விகிதத்தையும் நாட்டினாரல்லர். யாழ்நூலின் முடிபு ஒவ்வொன்றும் நூற்சான்றும் கணக்கும் காட்டியே நிறுவப்படுகின்றது. பத்தியாற் பொருளைத் தேர்ந்தார். தேர்ந்த பொருளைக் கணக்கால் ஆராய்ந்தார். இவ்வெல்லையைக் காத்தமையே அவர் நெறியின் வலிமை. பிற்காலத்தார் சிலர் அவர் பெயரைச் சொல்லி இவ்வெல்லையைக் கலைக்க முயல்வது அவர்க்குச் செய்யும் நன்றியன்று.

இடையே அவர் இமயமலைச் சாரலில் மாயாவதியில் இருந்து ‘பிரபுத்த பாரத’ என்னும் ஆங்கிலத் திங்களிதழை நடாத்தினார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் றமிழ்ப் பேராசிரியரானார். உடல் நலிந்தபோதும் யாழாராய்ச்சி தொடர்ந்தது. 1947 யூன் 5, 6ஆம் நாட்களிற் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் யாழ்நூல் அரங்கேற்றம் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் நிகழ்ந்தது. ஆற்றுவெள்ளத்தில் ஓடக்காரரின்றிச் சம்பந்தர் பதிகம் பாடி ஓடத்தைச் செலுத்திய தலம் அது. அவ்வற்புதத்தைப் போற்றும் கோயிலிலே, நரம்பின் நீளமும் அதிர்வும் கணித்த நூல் இறைவன் திருமுன்னிலையில் வைக்கப்பெற்றது. அந்நூலின் கணிப்புப்படி அமைத்த யாழ்களும் அங்குக் கொண்டுவரப்பெற்று இசைக்கப்பெற்றன. காட்சிக்கு மறைந்திருந்த கருவி மீண்டும் காட்சிக்கும் கேள்விக்கும் வந்தது. கணக்குப் பிழைத்திருந்தால் அன்று நரம்பே அதனைச் சொல்லியிருக்கும்.

அரங்கேற்றம் முடிந்து ஏழு வாரம் கழியுமுன், 1947 யூலை 19ஆம் நாள், அடிகளார் கொழும்பிலே மறைந்தார். அவர் திருவுடல் கல்லடி சிவானந்த வித்தியாலய வளவில் அடக்கம் பெற்றது. இறைவன் உவக்கும் மலர்களைப் பற்றி அவர் பாடிய செய்யுள் அச்சமாதியிற் பொறிக்கப்பட்டுள்ளது. 1950களில் அர்ச். மிக்கேல் கல்லூரியைச் சேர்ந்த லாங் என்னும் அமெரிக்க இயேசுசபைக் குரு ஒருவர் வாவியின் நீருள் ஒலிவாங்கியை இறக்கி, நீரரமகளிரின் ஓசையை முதன்முறையாக நாடாவிற் பதிவுசெய்தார். இலங்கை வானொலி அதனை ஒலிபரப்பியது. மயில்வாகனன் என்னும் மாணவர் ஒருகாலத்திற் கணிதம் பயின்ற கல்லூரியும் அதுவே.